முந்திக்கொண்டு ஓடிய சப்டைட்டில்: 1.2 நொடியைப் பிடித்த கதை

மூன்று வாரமாக உயிரை வாங்கிய சப்டைட்டில் நேற்று இரவு ஒருவழியாக வாயசைவோடு சேர்ந்து நின்றது. சைக்கிள் சங்கிலி மாற்றுவது பற்றி 20 நிமிட வீடியோ; நானும் தம்பியும் பேசிக்கொண்டே வேலை செய்கிறோம். வெட்டி ஒட்டுவது, நிறம் சரிசெய்வது எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது. மீதி நாளெல்லாம் இதற்கே போயிற்று.

முதல் பிரதியைக் காது கேளாத நண்பர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். "ஆரம்பம் சரியாக இருக்கிறது. போகப் போக, தம்பி வாயைத் திறக்கும் முன்பே அவர் பதில் எழுத்தில் வந்துவிடுகிறது. கடைசியில் யார் பேசுகிறார் என்றே பிடிபடவில்லை" என்று எழுதினார். உதட்டையும் எழுத்தையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு நொடி என்பது பெரிய இடைவெளி. அது எனக்கு உறைத்தது.

மொத்தத்தையும் ஒரு நொடி தள்ளி வைத்தேன். கடைசி சரியானது, ஆரம்பம் கெட்டது. பாதியில் வெட்டி இரண்டாகத் தள்ளிப் பார்த்தேன். நடுப்பகுதி சொதப்பியது. அப்புறம்தான் வரிசையாக அளந்தேன்: 5-வது நிமிடத்தில் 0.3 நொடி, 10-ல் 0.6, 20-ல் 1.2. இவ்வளவு சீராக விலகினால் அது என் கைப்பிழையாக இருக்க முடியாது.

காரணம் 29.97. ப்ராஜெக்ட் அந்த ஃப்ரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு அத்தனை ஃப்ரேம் (படம்) என்ற வேகத்தில் இருந்தது. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் நேரம் காட்டிக்கொண்டு ஓடும் டைம்கோடோ நொடிக்கு 30 ஃப்ரேம் என்று எண்ணிக்கொண்டு போகிறது. அதில் 20:00 என்று காட்டும்போது உண்மையில் 20 நிமிடம் 1.2 நொடி ஆகியிருக்கும். நான் 312 வரிக்கும் அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து சப்டைட்டில் வரிகளும் அவற்றின் நேரமும் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பில் கையால் அடித்திருந்தேன். பிளேயர் போவது நிஜக் கடிகாரப்படி. 1953-ல் அமெரிக்காவில் கலர் டிவிக்காக 30-ஐ 1.001-ஆல் வகுத்து வைத்த எண், இன்றைக்கும் நம் டைம்லைனில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த விலகலைச் சரிக்கட்டவே டிராப் ஃப்ரேம் என்ற எண்ணும் முறை உண்டு. நிமிடத்துக்கு இரண்டு ஃப்ரேம் எண்களைத் தாண்டிப் போகும். ஒவ்வொரு பத்தாவது நிமிடத்தில் மட்டும் தாண்டாது. படம் எதுவும் வெட்டுப்படாது, எண்கள் மட்டும்தான். டைம்கோடின் கடைசிப் பிரிப்பில், அதாவது நொடிக்கும் ஃப்ரேம் எண்ணுக்கும் நடுவே, முக்காற்புள்ளி இருந்தால் சாதாரண முறை, அரைப்புள்ளி இருந்தால் பெரும்பாலும் டிராப் ஃப்ரேம். அந்த ஒரு புள்ளியை மூன்று வாரம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் ஃப்ரேம் ரேட் மாற்றும் இடத்தில் 30-லிருந்து 29.97 என்று கொடுத்ததும் எல்லா நேரமும் 1.001 மடங்கானது. கடைசிக் காட்சியை ஓடவிட்டேன். தம்பி "போதும், டைட் ஆயிடுச்சு" என்று சொல்லவும் எழுத்து வரவும் ஒன்றாக இருந்தது. நாலு தடவை பார்த்தேன்.

வரி நீளத்தில் இன்னொரு தொல்லை. ஆங்கிலத்துக்கு வைத்த 42 எழுத்து வரம்பைத் தமிழுக்கு அப்படியே போடாதீர்கள். 'போட்டுக்கொண்டிருக்கும்போது' நம் கணக்கில் 13 எழுத்து, புள்ளி, கொம்பு, கால்களைத் தனியாக எண்ணும் மென்பொருள் கணக்கில் 26. சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்து நல்ல வரிகளையெல்லாம் உடைத்திருந்தேன். இப்போது திரையில் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

சத்தங்களை எழுத்தில் சொல்லும் ஒலிக்குறிப்பில் தமிழ் கைகொடுக்கிறது. [சத்தம்] என்று போட்டால் யாருக்கும் பயனில்லை. தேய்ந்த சங்கிலிக்கு [கறக் கறக்], எண்ணெய் இல்லாததற்கு [கிறீச்] என்று மாற்றினேன். இந்த வீடியோவில் பழுதைக் கண்டுபிடிப்பதே அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

எழுத்துக்குப் பின்னால் கருப்புப் பட்டை வைக்கும் வேலை இன்னும் பாக்கி. கை முழுக்க கிரீஸ் தெரியும் காட்சிகளில் வெள்ளை எழுத்து சரியாகத் தெரிகிறது. வெயிலில் எடுத்தவற்றில் கரைந்துபோகிறது. அதை முடிப்பதற்குள் மனம், பார்க்க முடியாதவர்களுக்குக் காட்சியைக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்புக்குப் போய்விட்டது. 7-வது நிமிடத்தில் "இதை இப்படிப் பிடிச்சு அந்தப் பக்கம் திருப்பணும்" என்கிறேன். பார்வையற்ற ஒருவர் இதைக் கேட்டு என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்கு மட்டும் குரலை மறுபடி பதிவு செய்கிறேன்: "கருவியின் முனையைச் சங்கிலிப் பின்னுக்கு நேராக வைத்து, கைப்பிடியை வலஞ்சுழியாகத் திருப்புங்கள்."