சாளக்கிராமத்து ஸ்ரீமூர்த்தியைச் சேவித்த பேறு

ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான திவ்ய தேசங்களுக்கு அப்பா தொடங்கிவைத்த யாத்திரையில் வடநாட்டுத் தலங்கள் பலவும் அவர் காலத்திலேயே நிறைவேறிவிட்டன; நேபாளத்தில் முக்திநாத் என்று வழங்கும் சாளக்கிராமம் மட்டும் நின்றுபோயிற்று. அவர் ஆசாரியன் திருவடி அடைந்த பிறகு, முக்திநாத்துக்குப் போய் ஸ்ரீமூர்த்திப் பெருமாளைச் சேவித்து, திரும்பும் வழியில் கண்டகி ஆற்றங்கரையிலுள்ள காக்பேனியில் அவருக்குத் தர்ப்பணமும் செய்துவிட வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டார். எழுபதைத் தாண்டிய முழங்கால்களோடு 3,700 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள இடத்துக்கு ஏற வேண்டுமே என்று நாங்கள் தயங்கியபோது, "அடை நெஞ்சேன்னு ஆழ்வார் சொல்லியிருக்கார், கால் தானா வரும்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

பங்குனி முதல் வைகாசி வரையிலும், மழை ஓய்ந்த பின் ஐப்பசி, கார்த்திகையிலும்தான் முக்திநாத் இருக்கும் முஸ்தாங் பகுதிக்குப் போவது நல்லது. மழைக்காலத்தில் மலைப்பாதை சரியும், மார்கழி, தையில் பனி மூடும். ஆகவே பங்குனியில் புறப்படுவதென்று தீர்மானித்தோம். விசா தேவையில்லை என்றாலும் பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ கையில் வைத்திருக்க வேண்டும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டைப் போக்ராவிலேயே வாங்கிக்கொள்ளலாம். அங்கே 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மதிப்பு. தெரியாதவர்களிடம் அதிலும் கைவைக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: சுமார் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோம்சோமில் ஓர் இரவாவது தங்கி, உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகே மேலே ஏறுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டும் தரகர்களுக்கு நம் பெற்றோரின் மூச்சைப் பற்றி என்ன கவலை?

போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிடம்தான். ஆனால் நண்பகலை ஒட்டிக் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் பெருங்காற்று கிளம்பிவிடும் என்பதால், அந்தச் சிறு விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. நாங்கள் போன அன்று மேகம் விலகவில்லை. காத்திருந்து காத்திருந்து, கடைசியில் ஜீப்பில் பேனி வழியாகப் புறப்பட்டோம். ஒருபுறம் தவளகிரி, மறுபுறம் அன்னபூர்ணா, நடுவே ஆறு. எட்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு மலைகளுக்கு இடையே, ஒரு காலத்தில் திபெத்து உப்பும் கீழ்நாட்டுத் தானியமும் கைமாறிய அந்தப் பழைய வணிகப் பாதையில், பள்ளமும் புழுதியும் நீரோடைகளுமாக நாள் முழுதும் குலுங்கிக்கொண்டே போனோம். பாறை சரிந்து வழி அடைபட்ட ஓரிடத்தில் வண்டிகள் வெகுநேரம் நின்றன. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கண்டகியைப் பார்த்தபடி விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயிலுக்குக் கீழே உள்ள ராணிபௌவாவில் இறங்கியதுமே குதிரைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சூழ்ந்துகொண்டார்கள். பாதையோரமெங்கும், கண்டகியில் கிடைக்கும், பெருமாளாகவே பூஜிக்கப்படும் சாளக்கிராமக் கற்களின் கடைகள். எண்ணெய் பூசி மெருகேற்றிய கற்களை வைத்துக்கொண்டு ஆயிரம், ஐயாயிரம் என்று கூவுகிறார்கள். சாளக்கிராமத்துக்கு விலை பேசக்கூடாது என்று பெரியோர் சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு அது பெரும் வேதனையாக இருந்தது.

கோயிலின் பின்புறம் வளைவாக அமைந்த 108 தாரைகளிலும் பனி உருகிய நீர் கொட்டுகிறது. அங்கே கைப்பேசியில் படம் எடுப்பவர்களின் நெரிசலில் நீராட வந்தவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. எந்தக் குழுவையும் யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. அம்மா ஒவ்வொரு தாரையிலும் கையேந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். நான் முழுதும் நனைந்து, கோயிலின் இரு குண்டங்களிலும், அதாவது சிறு குளங்களிலும், மூழ்கி எழுந்தேன். குளிர் எலும்பைத் தொட்டது.

பிறகு சந்நிதி. பொன்னொளி வீசும் திருமேனியோடு, நாச்சிமார் இருபுறமும் விளங்க எழுந்தருளியிருக்கிறார் பெருமாள். திருவரங்கம், திருமலை, பதரி ஆகியவற்றோடு பெருமாள் தானாகவே தோன்றிய எட்டு ஸ்வயம்வ்யக்த க்ஷேத்திரங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இத்தலத்தில், சந்நிதிக்குள் கைங்கரியம் செய்பவர்கள் புத்த பிக்குணிகள். அவர்களுக்கு இவர் கருணையே வடிவான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர். பின்னாலிருந்து கூட்டம் தள்ள, அம்மா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு இத்தலத்தைப் பாடிய திருமங்கையாழ்வாரின் பதிகத்தை நடுங்கும் குரலில் தொடங்கினார். இரண்டாம் பாசுரத்திலேயே நகரச் சொல்லிவிடுவார்கள் என்று நான் பயந்தேன். உள்ளே நின்ற பிக்குணிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவர் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினார்; அம்மாவின் கண் மங்கலானது என்பதை எப்படி உணர்ந்தாரோ, நெய்விளக்கைத் தூக்கிப் பெருமாளின் திருமுகத்தருகே பிடித்தார். பத்துப் பாசுரமும் முடியும் வரை அந்தக் கை இறங்கவில்லை. "சாளக்கிராமம் அடைநெஞ்சே" என்று அம்மா ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது, ஊரில் பூஜை அறையில் அப்பா சேவிக்கும் குரலும் அதனோடு சேர்ந்து ஒலிப்பதாகவே எனக்குத் தோன்றியது. தீர்த்தம் வாங்கும்போது அம்மா அழுதார். அந்தப் பிக்குணி அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பெருமாளே, இதற்கு நாங்கள் என்ன செய்தோம்!

ஜ்வாலா மாயி சந்நிதியில் நீரின் அருகே எரியும் சுடரையும் சேவித்துவிட்டுக் காக்பேனிக்கு இறங்கினோம். கண்டகிக் கரையில் காற்று எள்ளைக் கையில் தங்கவிடவில்லை. அம்மா தன் புடவைத் தலைப்பால் மறைத்துப் பிடித்துக்கொள்ள, அப்பாவின் கோத்திரமும் பெயரும் சொல்லித் தர்ப்பணத்தை முடித்தேன். அவர் குறையும் தீர்ந்தது, அம்மாவின் வேண்டுதலும் தீர்ந்தது. விளக்கேந்திய அந்தக் கைகளுக்கும், ஆற்றங்கரையில் அம்மா கேட்ட இடத்திலெல்லாம் முகம் சுளிக்காமல் வண்டியை நிறுத்திய ஜீப் ஓட்டுநருக்கும் ஸ்ரீமூர்த்தி எல்லா நன்மையும் அருள வேண்டும்.