மூன்றாம் நாள் காணாமல் போன சர்வர்

பரவலாக்கப்பட்ட கிளவுடில், அதாவது பலர் தங்கள் கணினிகளை வாடகைக்கு விடும் இணையச் சந்தையில், ஒருவழியாக நல்ல சர்வர் கிடைத்துவிட்டது. அதற்குள் இரண்டு பேரிடம் ஏமாந்தாகிவிட்டது. பாதித் தப்பு என்னுடையதுதான்.

வாலட் (கிரிப்டோ பணப்பை) திறப்பது, டோக்கன் (வாடகைக்கான கிரிப்டோ நாணயம்) வாங்குவது, டெபாசிட் கட்டுவது எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன. இந்த மாதிரிக் கிளவுடில் நமக்கு என்ன வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிப் போட்டால், கணினி வைத்திருப்பவர்கள் போட்டி போட்டு விலை சொல்வார்கள். தலைகீழ் ஏலம். என் கையும் ஆகக் குறைந்த விலைக்குத்தான் போனது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் காலை சர்வரே இல்லை. புகார் சொல்லலாமென்றால் யாரிடம் சொல்வது? எதிரில் இருப்பது ஒரு நீளமான வாலட் முகவரி, அவ்வளவுதான்.

லீஸை (வாடகை ஒப்பந்தத்தை) மூடியதும் மிச்ச டெபாசிட் திரும்பி வந்தது. தரவு வரவில்லை. நிலையான வோல்யூம் (தரவுக்கான தனிச் சேமிப்பிடம்) கேட்டு வாங்காவிட்டால், கன்டெய்னருக்குள் (நம் நிரல் ஓடும் தற்காலிகப் பெட்டிக்குள்) எழுதியதெல்லாம் கன்டெய்னரோடு போய்விடும். தெரிந்தேதான் ‘சும்மா சோதனைதானே’ என்று விட்டிருந்தேன். கேட்டிருந்தாலும் அது அதே ஆளின் டிஸ்கில்தான் கிடந்திருக்கும். பேக்கப் எப்போதும் வேறொருவரிடம் இருக்கட்டும்.

இரண்டாவது ஆளை விவரமெல்லாம் படித்துவிட்டுத்தான் எடுத்தேன். பக்கத்து மண்டலம், வேகமான டிஸ்க் என்று போட்டிருந்தது. பிங் அடித்தால், அதாவது சமிக்ஞை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால், 240 மில்லிவினாடி! ஒளியிழையில் சமிக்ஞை ஒரு மில்லிவினாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும். பக்கத்தில் போய்வர இவ்வளவு நேரமா? அப்புறம்தான் உறைத்தது, அந்த விவரமெல்லாம் அவரே எழுதிக்கொண்டது.

மூன்றாவது முறை ஆகாஷ் நெட்வொர்க் என்ற பரவலாக்கப்பட்ட கிளவுடுக்குப் போனேன். அங்கே தணிக்கையாளர் கையொப்பமிட்ட விவரம் உள்ளவர்கள் மட்டும் விலை சொன்னால் போதும் என்று கோப்பிலேயே நிபந்தனை போடலாம். அதோடு விடவில்லை. மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் லீஸ் எடுத்து, ஒரு நாள் முழுக்க டிஸ்க் வேகத்தையும் பிங்கையும் அளந்தேன். இரவிலும் அளந்து பாருங்கள், பகலில் நன்றாக ஓடுவது ராத்திரியில் தவழும். நடு விலை சொன்னவர் ஜெயித்தார். மற்ற இரண்டையும் மூடிவிட்டேன். செலவு பெரிதாக இல்லை.

பேக்கப்புக்கு சியா என்ற பரவலாக்கப்பட்ட சேமிப்பு வலையமைப்பு. வழக்கமான அமைப்பில் தரவை 30 துண்டாக்கி வெவ்வேறு கணினிகளில் வைக்கும். எந்த 10 கிடைத்தாலும் மீட்டுவிடலாம். இடம் தருபவரும் பிணைத்தொகை கட்ட வேண்டும், பாதியில் ஓடினால் அது போய்விடும். முதல் ஆளை நினைத்தால் இது பெரிய ஆறுதல். ஆனால் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு நம் கணினியில்தான் இருக்கும். அது தொலைந்தால் 30 துண்டும் பத்திரமாக இருந்தும் பயனில்லை. நேற்று அந்தக் குறிப்பைப் படியெடுத்து, இன்னொரு கணினியில் வைத்து ஒரு பெரிய கோப்பை இறக்கிப் பார்த்தேன். மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் முழுசாக வந்தது.