நைனாவோடு நீலத்திமிங்கலம் பார்க்கப் போனேன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் லாஞ்செல்லாம் கட்டிக் கிடக்கும். நைனா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு கடலையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இந்த முறை அவரைத் திருகோணமலைக்குக் கூட்டிப் போனேன்.

"நான் பாக்காத கடலா?" என்றார். ஓங்கல் (டால்பின்) கூட்டமெல்லாம் அவருக்குச் சாதாரணம். ஆனால் முழுத் திமிங்கலத்தை அவர் பார்த்தது எழும்பூர் செத்த காலேஜில் (மியூசியத்தில்), எலும்புக்கூடாகத்தான்.

இலங்கையைச் சுற்றியுள்ள நீலத்திமிங்கலங்கள் மற்றவை மாதிரி தீனிக்காகத் துருவப் பக்கம் போவதில்லை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸ பக்கம் அதிகம் தெரியும். அப்புறம் மே மாதவாக்கில் திருகோணமலைப் பக்கம். அங்கே கரையை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. அதனால் கோணேசர் கோயில் பாறையில் நின்றாலே சில நாள் கண்ணில் படுமாம்.

விடியற்காலையில் உப்புவெளியிலிருந்து ஃபைபர் படகில் கிளம்பினோம். தூரத்தில் ஒரு மூச்சு பீய்ச்சியதுமே எல்லாப் படகும் அந்தப் பக்கம் பாய்ந்தன. எங்கள் படகுக்காரத் தம்பியும் வேகம் கூட்டினார். திமிங்கலம் உடனே முழுகிவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நைனா அவர் தோளில் கை வைத்தார். "தொரத்தாத தம்பி. இஞ்சின நிறுத்து. போன தெசையிலதான் எழும்பும்."

"சரி ஐயா, பொறுங்கோ" என்று அவரும் நிறுத்தினார்.

பத்து நிமிஷம் போல இருக்கும். எங்களுக்கு முன்னால் நேராக ஒரு நீர்த்தூண், இரண்டு மாடி உயரத்துக்கு. அப்புறம் முதுகு. நீலமும் சாம்பலும் கலந்த திட்டுத் திட்டான முதுகு, வந்துகொண்டே இருந்தது. கடைசியில்தான் அந்தச் சின்னத் துடுப்பு. நாலைந்து முறை மூச்சு வாங்கிவிட்டு, முதுகை வளைத்து, வாலைத் தூக்கி இறங்கியது. அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் எண்ணெய் ஊற்றினது போல வழவழவென்று கிடந்தது. நைனா எழுந்து நின்று கும்பிட்டார்.

துருவக் கடல்களுக்குப் போகும் நீலத்திமிங்கலங்களுக்குத் தீனி கிரில் என்ற, இறால் மாதிரியான சின்ன உயிரி. இலங்கைக் கடலில் சின்ன இறால் வகைகளைத்தான் அதிகம் தின்கின்றன என்று இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் குழு கண்டிருக்கிறது. நம்ம கூனிக்குச் சொந்தக்கார இனம் அது. "இவ்ளோ பெரிய உடம்புக்குக் கூனியா!" என்று நைனா திரும்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இலங்கையின் தென்கரையில் கப்பல் மோதிச் சாகும் திமிங்கலங்களைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். திமிங்கலம் மேயும் இடத்துக்குள்ளேயே கப்பல் பாதை போகிறது. 2022-ல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்ட ஆரம்பித்தது. மற்றவர்களும் தள்ளிப் போகலாம், கடலில் இடமா இல்லை?

போகிறவர்கள் முன்கூட்டியே படகுக்காரரிடம் பேசிவிடுங்கள்: துரத்தக் கூடாது, தள்ளி நின்று இஞ்சினை நிறுத்த வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர் படகில் ஏறாதீர்கள்.