‘சிறந்த சேவை’ என்று மட்டும் எழுதி விடாதீர்கள்

2025 ஏப்ரல் 28, திங்கள்

பின்னேரம் ஆஸ்பத்திரிக் குழுக் கூட்டம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கொழும்பு வடக்கில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி அது, இரண்டு வாட், ஒரு ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவு, ஒரு கிளினிக், ஒரு மருந்தகம், அவ்வளவுதான். மே 12 தாதியர் தினம் வருகிறது, அந்தக் கிழமையில் ஊழியர்களைக் கௌரவிப்போம் என்று முடிவாயிற்று. சான்றிதழ் அடிக்கிற வேலை என்னிடம் வந்தது. போன முறை கொடுத்த சான்றிதழில் ஒன்றை மாதிரிக்குத் தந்தார்கள். ‘தங்களின் அர்ப்பணிப்பு மிக்க சிறந்த சேவையைப் பாராட்டி’ என்று ஒரு வரி, பெயர் எழுதப் புள்ளிக்கோடு. எல்லோருக்கும் அதே வரி. இதை வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் எங்கே மாட்டியிருப்பார், பார்க்க வந்தவர்கள் என்ன செய்ததற்கு இது என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தபடியே பஸ்ஸில் வந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

அப்பாவுக்கு டெங்கு வந்தது போன டிசம்பரில். இதே ஆஸ்பத்திரியில்தான் வைத்திருந்தோம். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, அப்பா எழும்பி இருந்து பாணும் பருப்பும் கேட்டார், நாங்கள் எல்லோரும் பெரிய நிம்மதியோடு வீட்டுக்குப் போக வெளிக்கிட்டோம். அப்போது இரவு டியூட்டிக்கு வந்த தாதி மிஸ் எங்களை மறித்து, “காய்ச்சல் விட்ட பிறகுதான் எங்களுக்குப் பயம்” என்றார். அவர் சிங்களவர், ஆனால் அதைத் தமிழில்தான் சொன்னார்.

டெங்குவில் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிற நேரம் 24 முதல் 48 மணித்தியாலம். அந்த நேரத்தில் சேலைன் குறைந்தால் பிரஷர் விழும், கூடினால் நீர் நெஞ்சில் கட்டும். அதனால் மணிக்கு மணி அளக்க வேண்டும். அப்பாவின் நிறைக்கு மணிக்கு 30 மில்லிலீட்டராவது சிறுநீர் போக வேண்டும் என்று கணக்கு. மிஸ் ஒவ்வொரு மணிக்கும் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்து சார்ட்டில் எழுதினார். விடியப்புறம் இரண்டு மணிக்கு 18 என்று எழுதியவர் பேனையை மூடாமலே நாடியைப் பிடித்துப் பார்த்தார், பிரஷர் எடுத்தார், மேல் எண்ணும் கீழ் எண்ணும் கிட்டக் கிட்ட வந்திருந்தது. டொக்டரை எழுப்பிக் கூட்டி வந்தார். விடிந்ததும் அப்பா என்னைப் பார்த்து முதலில் கேட்டது, அந்தப் பிள்ளை தேத்தண்ணி குடித்தாளா என்றுதான்.

அவருடைய சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. ‘தலை சுத்துதா’, ‘வயிறு நோகுதா’, ‘மூச்சு எடுக்கக் கஷ்டமா’ என்று தமிழ்க் கேள்விகளைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு கிழவி முன்பு எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாமல் ஒரு முழு இரவும் கிடந்தாராம், அடுத்த நாளே கொப்பி வாங்கினேன் என்றார்.

போன முறை அந்தப் புள்ளிக்கோட்டுச் சான்றிதழை வாங்கியவர்களில் இவரும் ஒருவர். நாளைக்கே தலைவருக்குக் கோல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரி எழுதப் போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

மே 2, வெள்ளி

தலைவர் சரி என்றார். நேரம் போகும், ஆனால் நீங்களே எழுதுவதென்றால் எழுதுங்கள் என்றார்.

அம்மாவின் சீனி வருத்தக் கிளினிக் இன்று. கிளினிக் கொப்பியோடு மருந்தக வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன், இவ்வளவு நாளும் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. மருந்து கட்டிக் கொடுக்கிற அண்ணா வாசிக்கத் தெரியாதவர்களின் கடதாசி உறையில் சூரியனும் பிறையும் கீறிக் கொடுக்கிறார். காலைக் குளிசைக்குச் சூரியன், இரவுக் குளிசைக்குப் பிறை, சாப்பாட்டுக்கு முந்தியதென்றால் பக்கத்தில் ஒரு வெறும் கோப்பை. இரண்டு குளிசை என்றால் இரண்டு சூரியன். அவ்வளவு நீள வரிசையில் இதற்கு எங்கே நேரம் என்று கேட்டேன். மருந்து பிழைத்துத் திரும்பி வந்தால் அதைவிட நேரம் போகும் ஐயா என்று சொல்லிக்கொண்டே அடுத்த உறையில் கீறினார். அவருடைய வரியை வரிசையில் நின்றபடியே போனில் எழுதிவிட்டேன்.

மே 5, திங்கள்

ஒபிஸிலிருந்து பட்டியல் வந்தது. ஒன்பது பேர். இரண்டு தரம் வாசித்தேன். பெண்கள் வாட்டைத் துப்புரவாக்குகிற அக்கா இல்லை.

கேட்டதற்கு, அவர் நம்முடைய ஊழியர் இல்லை, கொந்தராத்துக் கம்பனியின் ஆள் என்றார்கள். அது உண்மைதான். டெண்டர் மாறும்போது கம்பனி மாறும். ஆனால் அவர் மாறவில்லை. பதினொரு வருசமாக அதே வாட், மூன்று கம்பனி, முதலில் நீலச் சட்டை, பிறகு பச்சை, இப்போது செம்மஞ்சள். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில், பஸ் கிடைக்காத நாட்களில் மட்டக்குளியிலிருந்து நடந்து வந்தவர் இவர். அப்போது அவரை யாரும் எந்தக் கம்பனி என்று கேட்கவில்லை.

எனக்குச் சரியான கோபம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அடங்கவில்லை.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். வோட்டுப் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன், அக்கா வேலை செய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க. பார்க்காமல் எப்படி எழுதுவது?

அவர் தாழ்வாரத்தை ஒரேயடியாகத் துடைப்பதில்லை. சுவர்ப் பக்கம் பாதியைத் துடைத்துக் காயவிட்டு, காய்ந்த பிறகுதான் மற்றப் பாதி. வயது போன அம்மாமார் எந்த நேரம் எழும்பிப் போனாலும் கால் வைக்க ஒரு காய்ந்த பக்கம் இருக்கும். கழிப்பறை வாசலில் மொப்பை வைத்துவிட்டுக் குந்தியிருந்து பழைய துவாயால் துடைக்கிறார், ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். இடுப்பு எலும்பு உடைந்தால் அந்த வயதில் எழும்ப ஏலாது தம்பி, என் அம்மா அப்படித்தான் போனா, என்றார்.

அப்புறம் பிரிட்ஜை இழுத்து அதன் பின்னால் நீர் சொட்டுகிற தட்டைக் கழற்றி ஊற்றித் தேய்த்தார். இது வெறும் தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, டெங்கு நுளம்பின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால்தான் தேய்க்க வேண்டும். இந்த வருசம் கொழும்பில் சிக்கன்குனியாவும் சேர்ந்து வந்திருக்கிறது, அதைப் பரப்புவதும் இதே நுளம்புதான். டெங்கு நோயாளி கிடக்கிற வாட்டிலேயே நுளம்பு பெருகினால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை. ஒரு முறை சுகாதாரப் பரிசோதகர் வந்து தட்டைக் கழற்றிக் காட்டினாராம், அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம்.

மே 8, வியாழன்

அக்காவைப் பற்றித் தலைவரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். சான்றிதழில் ஆஸ்பத்திரியின் முத்திரை போட முடியாது, குழுவின் பெயரில் கடிதமாகக் கொடுக்கலாம் என்ற இடத்தில் வந்து நின்றது. எனக்கு இது போதாது. ஆனாலும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே மேடையில், அதே வரிசையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். அன்று அக்காவின் அரை மணித்தியாலக் கூலியை வெட்டக்கூடாது என்று கம்பனி மேற்பார்வையாளரிடமும் சொல்லி வைத்தேன்.

மே 12, திங்கள்

இந்த வருசம் தாதியர் தினமும் பௌத்தர்களின் வெசாக் பண்டிகையும் ஒரே நாளில். தெருவெல்லாம் வெசாக் வெளிச்சக் கூடு, சந்தியில் இலவசமாகச் சாப்பாடும் குடிக்கவும் கொடுக்கிற தன்சல், பிள்ளைகள் பிளாஸ்டிக் கோப்பையோடு வரிசையில். நாடு முழுக்க லீவு, வாட்டுக்கு லீவு இல்லை. கொப்பி மிஸ் இன்றும் இரவு டியூட்டி. வெளிக் கதவில் தானே ஒட்டிய ஒரு வெள்ளைக் கூட்டை ஏற்றிவிட்டு உள்ளே போய் சார்ட்டை எடுத்தார்.

மே 15, வியாழன்

காலை பத்து மணிக்கு ஓபிடி மண்டபத்தில், நோயாளர் உட்காருகிற அதே வாங்குகளில் எல்லோரும் இருந்து நடந்தது. ஒவ்வொரு வரியையும் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்தோம். ‘இரவு இரண்டு மணிக்கு 18 மில்லிலீட்டரைக் கண்டு டொக்டரை எழுப்பியதற்காக’ என்று வாசித்தபோது முன்வரிசையில் இருந்த அப்பா எழும்பி நின்றுவிட்டார். சூரியனும் பிறையும் வந்ததும் வரிசையில் இருந்த ஒரு பாட்டி தன் உறையை உயர்த்திக் காட்டினா.

அக்கா கடைசியாக வந்தார், செம்மஞ்சள் சட்டையில். கை ஈரமாக இருந்தது, பாவாடையில் இரண்டு தரம் துடைத்தார், பிறகும் கடிதத்தை ஓரத்தில்தான் பிடித்தார். ‘தாழ்வாரத்தில் எப்போதும் ஒரு காய்ந்த பக்கத்தை விட்டு வைத்ததற்காக’ என்று வாசித்தேன். மேற்கொண்டு வாசிக்க எனக்குக் குரல் வரவில்லை, பிரிட்ஜ் தட்டைப் பற்றிய மீதி வரியைக் கொப்பி மிஸ்தான் வாங்கி வாசித்தார்.

முடிந்த பிறகு அக்கா என்னிடம் வந்து, இதில் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த இடம் மடியாமல் கடிதத்தை மடித்து, சொப்பிங் பையில் சுற்றி, அலுமாரிக்கு மேலே வைத்தார். பதினொன்றே காலுக்கு ஆண்கள் வாட்டில் யாரோ வாந்தி எடுத்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள், வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கூட்டம் ஜூன் முதல் கிழமை. கொந்தராத்து ஊழியர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற தீர்மானத்தை இன்றிரவே தட்டச்சு செய்து வைக்கப் போகிறேன். இரவுக் காவலாளி ஐயாவின் பெயரும் அதில் வர வேண்டும், அவரைப் போய்ப் பார்க்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.