கார்ட்டினாவுக்குள் ஓர் எசெக்ஸ் வி6

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் என் மாமா பாதுகாத்து வந்த இரண்டாம் தலைமுறை ஃபோர்டு கார்ட்டினாவின் 1.6 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, V வடிவில் ஆறு சிலிண்டர்கள் கொண்ட ஃபோர்டின் 3.0 லிட்டர் எசெக்ஸ் வி6 எஞ்சினை ஏற்றும் வேலையில் இப்போது ஈடுபட்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவுக்கு இது புதிதன்று. அந்நாட்டுக் கார் பந்தய வீரர் பேசில் கிரீன் இதே மாற்றத்தைச் செய்து ‘பெரானா’ என்ற பெயரில் கார்களை விற்றார், பின்னர் ஃபோர்டு கப்ரி காருக்குள் 5.0 லிட்டர் வி8 எஞ்சினையே வைத்தார்.

எசெக்ஸ் முழுக்க வார்ப்பிரும்பு என்பதால் பழைய எஞ்சினைவிடக் கனமானது. முன் ஸ்பிரிங்குகளையும் பிரேக்கையும் வலுப்படுத்தாமல் குதிரைத்திறனை மட்டும் கூட்டுவது, என் பார்வையில், வெறும் வீம்பு. அதைவிட முக்கியமாக, வால்வுகளைத் திறந்து மூடும் அதன் கேம் தண்டைச் சுழற்றும் பல்சக்கரம் ஃபைபரால் ஆனது. வயதானால் பற்கள் உதிர்ந்து எஞ்சின் அப்படியே நின்றுவிடும் என்பதால், எஞ்சின் வெளியே இருக்கும்போதே உலோகச் சக்கரத்தைப் பொருத்திவிட வேண்டும். மாமாவுக்கு ஃபைபரின் அமைதியான ஓட்டம்தான் பிடிக்கும். ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும்.

எஞ்சின் எண் மாறுவதால், காவல்துறையின் சோதனைச் சான்றிதழைப் பெற்றுப் பதிவேட்டைத் திருத்திய பிறகே காரைச் சாலையில் இறக்குவேன்.