டெக்சாஸில் தெரபிஸ்டை யார் கண்காணிக்கிறார்கள்?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஏபிஏ தெரபி (நடத்தையை ஆராய்ந்து திறன்களைப் படிப்படியாகக் கற்றுத்தரும் சிகிச்சை) தேடும் பெற்றோருக்கு டெக்சாஸில் பெரிய குழப்பமே, புகார் என்று வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான். சைக்காலஜிஸ்டுகளுக்குத் தனி வாரியம் உண்டு, 2019 சட்டத்துக்குப் பிறகு அது கவுன்சலர், சமூகப் பணியாளர் வாரியங்களோடு சேர்ந்து ஒரே கவுன்சிலின் கீழ் போய்விட்டது. ஏபிஏ தெரபியைத் திட்டமிட்டு நடத்தும் பிஹேவியர் அனலிஸ்டுக்கு 2017-இல்தான் லைசென்ஸ் சட்டமே வந்தது, அதைக் கொடுப்பதோ எலக்ட்ரீஷியனுக்கும் முடிதிருத்துபவருக்கும் கொடுக்கிற அதே துறை! எனக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அப்புறம், அனலிஸ்டின் பெயருக்குப் பின்னால் வரும் பிசிபிஏ (BCBA) என்பது அரசு உரிமம் அல்ல, ஒரு தனியார் அமைப்பின் சான்றிதழ். லைசென்ஸ் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, வீட்டுக்கு வந்து குழந்தையோடு மணிக்கணக்கில் உட்காருபவர் பெரும்பாலும் அனலிஸ்டே இல்லை, 40 மணி நேரப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன். அவருக்கு மாநில லைசென்ஸ் தேவையில்லை, மேற்பார்வை செய்யும் அனலிஸ்ட்தான் பொறுப்பு. சான்றிதழ் அமைப்பின் விதிப்படி டெக்னீஷியனின் மாத வேலை நேரத்தில் குறைந்தது 5 சதவீதமாவது மேற்பார்வை நடக்க வேண்டும். அது நடக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.