சீலா மீனை விழுங்கிய ஃபிரிட்ஜ்

மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனில் இரண்டு கிலோ சீலா மீன் கையிருப்பில் வைத்திருப்பவன் சிற்றரசனுக்குச் சமம். ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கரையோரம் கட்டிக்கிடக்கும். நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனுக்கு விலை கேட்டால், கண்ணால் பார்த்ததே போதும் என்று திரும்பிவிடத் தோன்றும். மே மாதம் மதுரையிலிருந்து மாமா வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் தடைக்கு முந்தைய வாரமே சீலாவை வாங்கி, துண்டு போட்டு, பாலிதீன் பையில் முடிந்து ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

மாமா வந்து இறங்கிய காலையில் ஃப்ரீசரைத் திறந்தால் மீனைக் காணவில்லை. ஃப்ரீசரையே காணவில்லை என்பதுதான் சரி. நாலாபுறமும் வெள்ளை வளர்ந்து, நடுவில் கை நுழையாத ஒரு பொந்து மட்டும் மிச்சமிருந்தது. பொந்தின் விளிம்பில் இறால் மீசை போல மெல்லிய ஊசிகள். ஒவ்வோர் ஊசியின் பக்கவாட்டிலும் குட்டி ஊசிகள். கிட்டத்தில் குனிந்து மூச்சு விட்டதும் நுனிகள் மழுங்கின. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அழகை மிளகாய்த்தூள் தடவி வறுத்து மாமாவின் இலையில் வைக்க முடியாதே.

“உள்ளேதான் இருக்கும், தோண்டு” என்றார் அம்மா.

தோசைக் கரண்டியும் கத்தியுமாக இறங்கினேன். எங்கள் மாவட்டத்து அழகன்குளத்தில் தோண்டியவர்களுக்கு ரோமானியக் காசு கிடைத்தது. எனக்கு முதல் அடுக்கில் குச்சி ஐஸின் குச்சி, இரண்டாம் அடுக்கில் துருவிய தேங்காய், மூன்றாம் அடுக்கில் எந்த மன்னர் காலத்தது என்று சொல்ல முடியாத இட்லி மாவு. நான்காம் அடுக்குக்குப் போகுமுன் ஈரக் கையால் தகட்டைப் பிடித்தேன். இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. விரலிலிருந்த ஈரம் நொடியில் ஐஸாகித் தோலையும் தகட்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது. நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுப்பவன். என்ன நடக்கிறது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கையை எடுப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்தார். ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவர். படகு போகாததால் அவருக்கும் வேலை இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரை விரலில் ஊற்றினார், கை வந்துவிட்டது. அடுத்து கத்தியைப் பிடுங்கினார். “தம்பி, இந்தத் தகட்டுக்குள்ளேதான் கேஸ் ஓடுகிறது. இன்னும் ஒரு குத்து விட்டிருந்தால் மீனோடு ஃபிரிட்ஜும் போயிருக்கும்.” ஸ்விட்சை அணைத்தார். ஒரு சட்டியில் வெந்நீர் வாங்கி, ஃப்ரீசருக்கு நேர் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். அவ்வளவுதான், வந்து உட்கார்ந்துகொண்டார்.

“முழுதும் உருக வேண்டியதில்லை. தகட்டை ஒட்டிய தோல் உருகினால் போதும், பாளமாகக் கழன்றுவிடும்” என்றார். அவர்கள் கம்பெனியில் பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் அந்த உப்பு நீர் உறையாது. அதற்குள் இறக்கிய தகரக் கேன்களில் இருக்கும் நல்ல தண்ணீர் பாராக உறையும். பிறகு கேனைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் முக்கினால், ஓரம் மட்டும் இளகி, பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தினமும் நூற்றுக்கணக்கில் செய்கிற வேலையை அவர் சோற்றுக்கு உப்புப் போடுவது போலச் சொன்னார்.

காத்திருந்த நேரத்தில் மாமா ஆரம்பித்தார். “மாப்பிள்ளை, உள்ளே நீ ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. இவ்வளவு ஐஸ் எங்கிருந்து வந்தது?”

இதற்காகத்தானே காத்திருந்தேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் எங்கள் சமையலறை. இங்கே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அந்த ஈரக் காற்று உள்ளே நுழைந்து குளிர்ந்த தகட்டில் படும்போது, நீராவி தண்ணீராக மாறாமலே நேராக ஐஸாகிவிடுகிறது. ஆனால் குளிர் மட்டும் போதாது என்றேன். தூசு தும்பு இல்லாத சுத்தமான நீரின் சிறு துளிகள் மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் தாக்குப்பிடிக்கும். ஏனென்றால் ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரின் கையைப் பிடித்துக்கொண்டு அறுகோண வரிசையில் அமர வேண்டும். கூட்டத்தில் அலைகிறவர்கள் சும்மா அப்படி அமர்ந்துவிட மாட்டார்கள். முதல் சில பேர் ஒட்டிக்கொள்ள ஒரு தூசியோ கீறலோ வேண்டும்.

மாமா முப்பது வருடம் பஸ் நடத்துநராக இருந்தவர். கொஞ்சம் யோசித்தார். “துண்டு போட்டு இடம் பிடிக்க ஒருவன் வேண்டும் என்கிறாய்.”

டியூஷனில் நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது.

“ஒருவன் உட்கார்ந்துவிட்டால், அவன் பக்கத்தில் உட்கார அடுத்தவன் யோசிக்க மாட்டான்” என்று அவரே தொடர்ந்தார். அதுவும் சரிதான். ஐஸ் படிய ஐஸைவிட நல்ல இடம் கிடையாது. போன வருடம் இதே கத்தியால் நான் சுரண்டிய கீறல்கள் எல்லாம் அவர்களுக்கு ரிசர்வேஷன் சீட்டு.

இருபது நிமிடத்தில் உள்ளே தொப்பென்று சத்தம். பாளம் விழுந்திருந்தது. மீனுக்கு முன்னால் வெளியே வந்தது ஒரு பாட்டில். மார்ச்சில் ராமேஸ்வரம் கோயிலுக்குப் போனபோது மாமாவுக்காக நான் பிடித்துவந்த 22 தீர்த்தங்களின் தண்ணீர். சிந்தாமல் சிதறாமல் கழுத்துவரை நிரப்பி, கெட்டுப்போகக் கூடாதே என்று ஃப்ரீசரின் வாயருகே படுக்க வைத்திருந்தேன். உறைந்த தண்ணீருக்கு 9 சதவீதம் கூடுதல் இடம் வேண்டும். பாட்டிலின் அடி ஊதிப் பிதுங்கி, ஃப்ரீசரின் சின்னக் கதவை விரலளவு திறந்தே வைத்திருந்திருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் இரண்டு கடலும் உள்ளே வந்திருக்கின்றன.

“குளிரில் எல்லாமே சுருங்கத்தானே வேண்டும்?” என்றார் மாமா. பிறகு கையை உயர்த்தித் தன்னையே நிறுத்திக்கொண்டார். “இரு, இரு. நின்றுகொண்டு வந்தால் எண்பது பேர். எல்லோரும் உட்கார்ந்தால்தான் வருவேன் என்றால் இன்னொரு பஸ் விட வேண்டும்.” அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டியூஷனை மாமாவிடமே ஒப்படைத்துவிடலாமா என்று யோசித்தேன்.

சீலா கடைசியாக வந்தது. பை முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. ஒரு மாதமாக மீனிலிருந்த ஈரம் ஆவியாகிக் கிளம்பி, அதுவும் சுவரில் போய் இடம் பிடித்திருந்தது. ஓரமெல்லாம் வெளுத்து, வறண்டு, விரலால் தட்டினால் டொக்கென்றது. அம்மா ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் புளி கரைக்கப் போனார். மதியம் கருவாட்டுக் குழம்பு முறையில் கத்தரிக்காய் போட்டு வைத்தார். மாமா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். இங்கே கருவாடு மலிவா என்றும் விசாரித்தார்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது தீர்த்தப் பாட்டிலைக் கொடுத்தேன். ஐஸ் கரைந்தும் அடி மட்டும் பலூன் போலவே இருந்தது. எங்கே வைத்தாலும் உருண்டது. மதுரை வரை குழந்தையைப் போல மடியில் படுக்கவைத்துக்கொண்டு போனாராம். பக்கத்து இருக்கைக்காரர் பரமக்குடி தாண்டியதும் கேட்டுவிட்டாராம், “என்ன சார், உடம்பு சரியில்லையா பாட்டிலுக்கு?”